50 டன் ஜாக்கி யாரையும் காப்பாற்றாது

வாலாஜா சுங்கச்சாவடியைத் தாண்டி மேற்கே ஆற்காடு, மேல்விஷாரம், வேலூர், பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தேசிய நெடுஞ்சாலையின் இரு பக்கமும் டயர் கடைகள் இருக்கின்றன. எந்தக் கடையில் வேண்டுமானாலும் நின்று, தூக்கி நிறுத்திய லாரிக்கு அடியில் படுத்திருக்கும் பையனைக் காட்டி, ஜாக்கி மட்டும்தானே தாங்குகிறது, பயமில்லையா என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஒரே பதில்தான் வரும்: “ஏர் ஜாக்கிண்ணா. 50 டன்னு. இந்த வண்டி மொத்தமும் அதுல பாதி கூட வராது. இன்னா ஆயிடப் போவுது?”

கடைக்காரர் மட்டும் இப்படிப் பேசவில்லை. லாரி உரிமையாளர், டிரைவர், தோல் மண்டிக்குச் சரக்கு ஏற்றுகிறவர், ஷூ கம்பெனிப் பேருந்துகளைப் பராமரிக்கிறவர் எல்லோரிடமும் இதே நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. கையால் அடித்து ஏற்றும் ஜாக்கிதான் ஆபத்து, ஏர் ஜாக்கி வந்ததோடு அந்த ஆபத்து போயிற்று. வண்டியின் எடையைவிட ஜாக்கியின் டன் அதிகமாக இருந்தால் அடியில் படுக்கலாம். இதற்கு மேல் ஸ்டாண்டு, கட்டை என்பதெல்லாம் புத்தகம் படித்தவர்களின் பேச்சு. இந்த நம்பிக்கை முழுக்கத் தவறு. இதை நம்பி வண்டிக்கு அடியில் போகிறவர் ஒவ்வொரு முறையும் தன் நெஞ்சைப் பணயம் வைக்கிறார். இதைச் சொல்லிக்கொடுத்து ஒரு பையனை அடியில் அனுப்புகிறவர் வேறொருவரின் நெஞ்சைப் பணயம் வைக்கிறார். இரண்டாவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ஏர் ஜாக்கிக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுகிறேன். திருகு ஜாக்கியும் கைப்பம்ப் ஜாக்கியும் மட்டும் இருந்த காலத்தில், பாரம் ஏற்றிய லாரியின் பின் அச்சைத் தூக்குவதற்குள் கிளீனருக்கு இடுப்பு கழன்றுவிடும். கம்பியைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தால் வண்டி விரற்கடை விரற்கடையாக ஏறும். பாதி உடம்பை வண்டிக்கு அடியில் நீட்டிக்கொண்டுதான் அடிக்கவும் வேண்டும். இப்போது டயர் கடையில் எப்படியும் கம்பரசர் இருக்கிறது. ஹோஸைச் சொருகி விசையை அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் சக்கரம் தரையை விட்டுவிடுகிறது. நீளக் கைப்பிடியும் சிறு சக்கரங்களும் வைத்த வகையாக இருந்தால் ஆள் வண்டிக்கு வெளியே நின்றே ஏற்றி இறக்கலாம். உழைக்கும் உடம்புக்கு இது பெரிய விடுதலை. ஆனால் இந்த நன்மை அனைத்தும் தூக்கும் நேரத்தோடு முடிந்துவிடுகிறது. தூக்கிய பிறகுதான் பையன் உள்ளே நுழைகிறான். அந்த நேரத்தில் ஏர் ஜாக்கி பழைய ஜாக்கியைவிட இம்மியளவும் பாதுகாப்பானது அல்ல. ஏன் என்பது அதன் வயிற்றுக்குள் இருக்கிறது.

காற்று லாரியைத் தூக்குவதில்லை. எண்ணெய்தான் தூக்குகிறது. கம்பரசரிலிருந்து வரும் காற்று ஓர் அகலமான பிஸ்டனை முன்னும் பின்னும் விரட்டுகிறது. அந்த பிஸ்டனின் மறுமுனையில் இருக்கும் மெல்லிய பிளஞ்சர் எண்ணெயைத் துளித்துளியாகப் பெரிய சிலிண்டருக்குள் தள்ளுகிறது. காற்றுப் பிஸ்டனின் பரப்பு பிளஞ்சரைப் போல 80 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். 8 பார் காற்று 640 பார் எண்ணெய் அழுத்தமாக மாறும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டின் அடியில் அந்த அழுத்தம் வந்தால் சுமார் 50 டன்னைத் தூக்கலாம். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பாஸ்கல் கண்ட விதி இது. இங்கிலாந்தில் ஜோசப் பிராமா 1795-இல் காப்புரிமை பெற்ற ஹைட்ராலிக் பிரஸ்ஸும் இதே விதியில் ஓடியதுதான். கையால் அடிக்கும் ஜாக்கியிலும் எண்ணெய், வால்வு, ரப்பர் சீல் எல்லாம் இவையேதான். கை செய்த வேலையைக் காற்று செய்கிறது, அவ்வளவே.

“காத்து போயிட்டாலும் வண்டி எறங்காதுண்ணா” என்று சிலர் ஹோஸைப் பிடுங்கிக் காட்டுவார்கள். உண்மைதான், இறங்காது. அப்போது வண்டியைத் தாங்குவது எது என்று பாருங்கள். எண்ணெய் திரும்பி ஓடாமல் தடுக்க ஒரு துளையின் வாயில் உட்கார்ந்திருக்கும் சிறு எஃகுக் குண்டு. தண்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம். விடுவிப்புத் திருகின் நுனி. லாரியின் அச்சுக்கும் அடியில் படுத்திருப்பவனின் விலா எலும்புக்கும் நடுவில் இருப்பவை இவை மட்டுமே. குண்டு உட்காரும் வாயில் மண் துகள் ஒன்று சிக்கினாலும் எண்ணெய் கசியத் தொடங்கும். பாலாற்று மணலும் சாலைப் புழுதியும் பறக்கிற இடத்தில், எண்ணெய் மூடியைத் திறந்து அழுக்குப் புனல் வைத்து ஊற்றுகிற கடையில், துகள் உள்ளே போவது அதிசயமா? ரப்பர் வளையத்தின் கதி இன்னும் மோசம். ஹைட்ராலிக் எண்ணெய் தீர்ந்துபோனால் பக்கத்தில் இருக்கும் பிரேக் ஆயிலை ஊற்றிவிடும் பழக்கம் நம் கடைகளில் உண்டு. பிரேக் ஆயில் வேறு வகைத் திரவம். ஜாக்கியின் சீலை ஊதவைத்து மெத்தென்று ஆக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஜாக்கி ஏறும், நிற்கும். பிறகு ஒரு நாள் நிற்காது.

அந்த 50 டன்னுக்கு வருவோம். நெடுஞ்சாலைக் கடைகளில் இருக்கும் உயரம் குறைந்த ஏர் ஜாக்கிகளில் பல, ஒன்றுக்குள் ஒன்றாகத் தண்டுகள் அடங்கிய தொலைநோக்கி வகை. அதன் தகட்டைத் துடைத்துப் படித்தால் 50/25/10 என்பது போல மூன்று எண்கள் இருக்கும். வெளித்தண்டு ஏறும்வரைதான் 50 டன். அது முடிந்து நடுத்தண்டு ஏறத் தொடங்கியதும் 25. கடைசித் தண்டு வெளியே வந்துவிட்டால் 10. தண்டு ஒல்லியாக ஒல்லியாகப் பரப்பு குறைகிறது; அதே அழுத்தத்துக்கு அது தாங்கும் எடையும் குறைகிறது. 2018 ஜூலையில் மத்திய அரசு அச்சுச் சுமை வரம்புகளை உயர்த்தியபோது, நான்கு டயர் போட்ட ஒற்றைப் பின் அச்சுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 டன் ஆயிற்று. அந்த அச்சை நடுவில் வைத்து முழுதாகத் தூக்கி, கடைசித் தண்டுவரை ஏற்றினால், 50 டன் என்று நம்பிய ஜாக்கி தன் வரம்பை மீறிவிட்டது. சட்டப்படி ஏற்றிய பாரத்துக்கே இந்தக் கதி. அதற்கு மேல் ஏற்றி வருகிற வண்டிகளைப் பற்றி நான் சொல்லவும் வேண்டுமா?

இன்னும் சிலர் கம்பரசரின் அழுத்தத்தை ஏற்றிவிடுகிறார்கள், வேகமாகத் தூக்குமாம். மேலே போட்ட கணக்கையே திரும்பப் போட்டுப் பாருங்கள். 8 பாருக்கு 640 என்றால் 10 பாருக்கு 800. காற்றில் கூட்டிய ஒவ்வொரு பாரும் எண்ணெய்ப் பக்கம் 80 பாராகச் சேர்கிறது. தயாரிப்பாளர் சொன்ன அளவில் ரெகுலேட்டரை வைத்துவிட்டு அதைத் தொடாமல் இருப்பதே முறை. அதிகச் சுமைக்கு என்று உள்ளே ஒரு வால்வு இருக்கிறதே என்று தைரியம் சொல்லலாம். அது ஜாக்கி வெடிக்காமல் பார்த்துக்கொள்ள வைத்தது. அடியில் படுத்திருப்பவனுக்காக வைத்ததல்ல.

இவ்வளவு சொன்னாலும், எண்ணெய் கசிவதும் தண்டு தோற்பதும் இந்த ஆபத்தில் சிறிய பங்கு. என் முதன்மையான மறுப்பு வேறு. டன் கணக்கு நேர்செங்குத்தான சுமைக்கு மட்டுமே பொருந்தும். வண்டி நேர்கீழே மட்டும்தான் அழுத்தும், பக்கவாட்டில் ஒரு பிடி கூட நகராது என்றால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. வண்டி விழுவது பெரும்பாலும் ஜாக்கி பலம் போதாமல் அல்ல, ஜாக்கி சாய்வதாலும் நழுவுவதாலும். 50 டன் ஜாக்கியும் 5 டன் ஜாக்கியும் சாய்வதில் சமம். எத்தனை டன் எழுதியிருந்தாலும் சாய்ந்த ஜாக்கி எதையும் தாங்காது.

தரையிலிருந்து தொடங்குவோம். 11.5 டன் அச்சின் ஒரு பக்கத்தைத் தூக்கினால் ஜாக்கியின் மேல் சுமார் ஐந்தே முக்கால் டன் வரும். ஜாக்கியின் அடித்தட்டு 15 சென்டிமீட்டர் சதுரம் என்றால் 225 சதுர சென்டிமீட்டர். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோவுக்கு மேல் போகிறது. அதே லாரியின் டயர் தரையில் கொடுக்கும் அழுத்தம் ஏறத்தாழ அதன் காற்றழுத்தம்தான், 8 கிலோ அளவு. டயர் தாங்கிய தரை ஜாக்கியையும் தாங்கும் என்று நினைப்பவர், அதே தரை மூன்று மடங்கு அழுத்தத்தைத் தாங்கும் என்று எந்த ஆதாரமும் இல்லாமல் நம்புகிறார். வேலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் தார் இளகிக் கிடக்கும், செருப்பு ஒட்டும். ஐப்பசி கார்த்திகையில் சாலையோர மண் மழையில் ஊறி, மேலே காய்ந்த தோல் மாதிரி இருந்துகொண்டு உள்ளே சேறாக இருக்கும். ஜாக்கி ஒரு மூலையில் மட்டும் புதைந்தால் போதும், தண்டு சாயத் தொடங்கும். இதற்கு மருந்து ஒரு துண்டு மரப்பலகை. 30 சென்டிமீட்டர் சதுரத்தில், கனமாக, வெடிப்பில்லாமல் ஒரு கட்டையை அடியில் வைத்தால் 25 கிலோ அழுத்தம் ஆறரைக் கிலோவுக்கு இறங்கிவிடும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் இதற்கு உதவாது. முன்னறிவிப்பு இல்லாமல் பொடியும்.

அடுத்தது சரிவு. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் சாலையும் சமமில்லை. மழைநீர் வடிவதற்காகப் பக்கவாட்டில் 2 சதவீதம் போலச் சரித்துத்தான் போடுகிறார்கள். 18.5 டன் லாரி 50-க்கு 1 சரிவில் நின்றால் அதைச் சரிவுப் பக்கம் இழுக்கும் விசை 370 கிலோ. நான்கைந்து ஆட்கள் சேர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே இருப்பதற்குச் சமம். ஜாக்கியின் தலை அச்சில் உள்ளங்கை அளவு இடத்தில் முட்டிக்கொண்டிருக்கிறது. அதில் கிரீஸ் வேறு.

“கியர்ல போட்டிருக்கேன், நகராது” என்பார் டிரைவர். இதைவிட ஆபத்தான வாக்குறுதி இந்தத் தொழிலில் இல்லை. பின் அச்சின் ஒரு பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால், டிஃபரன்ஷியலைப் பூட்டாத எந்த வண்டியிலும் கியர் பிடிக்காது. எழும்பிய சக்கரம் எதிர்த்திசையில் சுழன்று இடம் கொடுக்கும். தரையில் இருக்கும் சக்கரம் உருளும். டிஃபரன்ஷியலின் வேலையே அதுதான். அப்படியானால் ஹேண்ட் பிரேக்? பெரும்பாலான லாரிகளில் அது பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது. ஒரு பக்கத்தைத் தூக்கினால் பிடிமானத்தில் பாதி போயிற்று. இரண்டு பக்கமும் தூக்கினால் மிச்சமும் போயிற்று. வேலையே பிரேக் வேலை என்றால், லைனிங் மாற்றுவதற்காகப் பிரேக்கைத் தளர்த்துவதே முதல் காரியம். ஆகவே வண்டியை நிறுத்திவைப்பது தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கொடுக்கும் அண்டைக் கட்டைதான். ஒரு பக்கம் மட்டும் கொடுத்தால் போதாது. உருண்டைக் கல்லும் போதாது. சக்கரம் அதன்மேல் ஏறிப் போகும். ஆப்பு வடிவக் கட்டை வேண்டும்.

ஏர் ஜாக்கி கூட்டிவைத்திருக்கும் ஆபத்து ஒன்றும் உண்டு. கையால் அடிக்கும்போது கம்பி வழியே கைக்குச் செய்தி வரும். தரை அமுங்கினால் கம்பி திடீரென்று லேசாகும், தண்டு சாய்ந்து இழுத்தால் கனக்கும். அனுபவமுள்ள கிளீனர் அதை வைத்தே நிறுத்திவிடுவார். ஏர் ஜாக்கியின் விசை எந்தச் செய்தியும் சொல்லாது. சரியாக ஏறினாலும், சாய்ந்து ஏறினாலும், லீஃப் ஸ்பிரிங்கின் விளிம்பில் நழுவிக்கொண்டே ஏறினாலும் அதே தடதடப்பு, அதே வேகம். பக்கத்தில் இன்னொருவர் ஏர் கன்னால் நட்டு கழற்றிக்கொண்டிருந்தால் மரமோ இரும்போ முனகும் சத்தமும் காதில் விழாது. கை இழந்த உணர்வைக் கண்தான் ஈடுகட்ட வேண்டும். ஆகவே ஏர் ஜாக்கியை ஒரே மூச்சில் ஏற்றக் கூடாது. சுமை ஏறியதும் விசையை விட்டுவிட்டு, சுற்றிவந்து பார்த்து, தண்டு நிமிர்ந்து நிற்கிறதா, கட்டை அமுங்கியதா என்று உறுதி செய்துகொண்டு, பிறகுதான் மீதியை ஏற்ற வேண்டும்.

முறையாகச் செய்தால் வேலை எப்படி இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், குறை மட்டும் சொல்லிப் போவது நியாயமில்லை. காலையில் கம்பரசரைப் போடுவதற்கு முன் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடிக்க வேண்டும். காற்றோடு போகும் ஈரம் ஜாக்கியின் காற்றுப் பிஸ்டனைத் துருப்பிடிக்க வைத்து அங்கங்கே இறுக்கிவிடும். ஹோஸை மாட்டுமுன் ஒரு தடவை காற்றை வெளியே ஊதவிட்டால் உள்ளே இருக்கும் தூசி ஜாக்கிக்குள் போகாது. தண்டு முழுக்க உள்ளே இறங்கிய நிலையில் எண்ணெய் அளவைப் பார்த்து, ஹைட்ராலிக் எண்ணெய் மட்டுமே ஊற்ற வேண்டும். புது ஜாக்கி என்றாலோ எண்ணெய் மாற்றினாலோ உள்ளே காற்றுக் குமிழி நிற்கும். விடுவிப்புத் திருகைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் விசையை அழுத்தினால் அது வெளியேறும். குமிழி இருக்கும் ஜாக்கி சுமையோடு குலுங்கும், மெல்ல இறங்கும். பிறகு வண்டி. சமமான, கெட்டியான இடத்தில் நிறுத்தி, ஆட்களை இறக்கி, பிரேக் போட்டு, அண்டை கொடுத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்திவிட வேண்டும்; தூக்கிய பிறகு நட்டோடு மல்லுக்கட்டினால் வண்டியையே ஆட்டுகிறோம். ஜாக்கி அச்சில், தயாரிப்பாளர் சொன்ன இடத்தில், தலை நடுவாக உட்கார வேண்டும். தேவைக்கு மேல் ஓர் அங்குலம் கூட ஏற்றக் கூடாது.

இங்கேதான் நம் கடைகள் நிறுத்திவிட்டு உள்ளே நுழைகின்றன. முறைப்படி வேலையின் முக்கியக் கட்டமே இனிமேல்தான். அச்சுக்கு அடியில் இரும்பு ஸ்டாண்டை வைத்து, ஜாக்கியை மெல்லத் தளர்த்தி, வண்டியின் எடையை ஸ்டாண்டின் மேல் இறக்கி உட்காரவைக்க வேண்டும். ஸ்டாண்டில் எண்ணெய் இல்லை, குண்டு இல்லை, சீல் இல்லை. அகலக் கால் விரித்து நிற்கும் வெறும் இரும்பு. கசிய அதில் ஒன்றும் கிடையாது. ஜாக்கியை எடுக்காமல் தொட்டும் தொடாமலும் துணைக்கு விட்டுவைக்கலாம். அதன் பிறகுதான் உடம்பின் எந்தப் பகுதியும் அடியில் போகலாம். அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு விதிகளில் ஜாக்கிக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. சுமையைத் தூக்கியவுடனேயே கட்டை கொடுத்தோ வேறு வகையிலோ அதை நிலைநிறுத்தியாக வேண்டும் என்கிறது. ஜாக்கிக்கு டன் அதிகம் என்றால் விலக்கு உண்டு என்று அதில் எங்கும் இல்லை. நடுச்சாலையில் டயர் வெடித்து ஸ்டாண்டு கைவசம் இல்லாத டிரைவர், ஸ்டெப்னியையோ கழற்றிய சக்கரத்தையோ சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டாவது வைக்கலாம். வண்டி விழுந்தால் அதன்மேல் விழும்.

“இருபது வருஷமா இப்படித்தான் செய்யறோம், ஒண்ணும் ஆகல” என்ற வாதம் அடுத்து வரும். இதைச் சொல்கிறவர்களின் உழைப்பை நான் மதிக்கிறேன். இந்த வாதத்தை மதிக்க முடியாது. ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில் சிட்கோ தொழிற்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் கசடில் மூழ்கி இறந்தார்கள். முந்தின நாள் இரவு வரை அந்தச் சுவரும் ‘ஒண்ணும் ஆகல’ என்றுதான் நின்றது. பாரத்தைத் தாங்கும் ஒன்று நேற்று தாங்கியது என்பது இன்று தாங்கும் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஜாக்கி விஷயத்தில் அது எதிர்ச்சாட்சி. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் சீல் தேய்கிறது, திருகின் நுனி தேய்கிறது. இருபது வருஷ அனுபவம் மனிதருக்குக் கூடியிருக்கிறது. ஜாக்கிக்கு இருபது வருஷத் தேய்மானம்தான் கூடியிருக்கும். விபத்து நடந்த கடையின் ஆள் இன்று நெடுஞ்சாலையில் நின்று அனுபவம் பேசிக்கொண்டிருக்க மாட்டார் என்பதும் இந்தக் கணக்கில் சேரவேண்டும். பேசுகிறவர்கள் எல்லோரும் தப்பியவர்கள்.

நேரமில்லை என்ற வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. ஷிப்டு தொடங்குமுன் கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களை ஏற்றிவந்து ஷூ கம்பெனி வாசலில் இறக்க வேண்டிய பேருந்து, விடியற்காலையில் டயர் போய் நிற்கிறது. ஈரத் தோல் ஏற்றிய லாரி வெயில் ஏறுமுன் போய்ச் சேர வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னருக்குக் கப்பல் நேரம் இருக்கிறது. அந்த அவசரமெல்லாம் மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் அடியில் படுத்திருக்கும் பையனின் தலையில் வந்து உட்காருகிறது. ஸ்டாண்டு வைத்து எடையை இறக்க எவ்வளவு நேரமாகும்? பலகையும் அண்டையும் சேர்த்து ஒரு டீ குடிக்கிற நேரம். அந்த நேரத்தை மிச்சம் பிடித்துத்தான் கப்பலைப் பிடிக்க வேண்டியிருக்கிறது என்றால், தவறு சரக்கு அனுப்பியவரின் திட்டத்தில் இருக்கிறது. செலவு என்பதும் நிற்காத வாதம். ஒரு ஜோடி ஸ்டாண்டு ஒரு புது லாரி டயரைவிட மலிவு. ஏர் ஜாக்கியும் கம்பரசரும் ஏர் கன்னும் வாங்கிய கடைக்கு இது முடியாத காசு அல்ல. அவை மூன்றும் வேலையை வேகமாக்கின, அதனால் வாங்கினார்கள். ஸ்டாண்டு வேலையை வேகமாக்காது. அதனால்தான் அது கடையில் இல்லை.

இந்தப் பேச்சுகளெல்லாம் தோற்ற பிறகு, விபத்தும் நடந்த பிறகு, இன்னொரு சொல் வரும்: கவனக்குறைவு. யாருடைய கவனக்குறைவு? ஸ்டாண்டு வாங்காதவர் முதலாளி. சரிவில் வண்டியை நிறுத்தியவர் டிரைவர். சீக்கிரம் சீக்கிரம் என்று போனில் விரட்டியவர் சரக்குக்காரர். அடியில் படுத்தவன் மட்டும் கவனக்குறைவானவன் ஆகிவிடுகிறான். இறந்தவனால் மறுத்துப் பேச முடியாது என்பதால் பழி சுலபமாக அங்கே போய்ச் சேருகிறது. அவன் படுத்தது தன் விருப்பத்தில் அல்ல. 50 டன் ஜாக்கி, ஒன்றும் ஆகாது என்று அவனுக்குச் சொல்லித் தந்தார்கள். நம்பினான்.

சட்டம் இதில் என்ன செய்கிறது என்று பார்த்தால் மனம் கசக்கிறது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் உள்ளே வந்தது. 2020-இல் வந்த தொகுப்புச் சட்டம் அந்த வரம்பையும் 20 ஆக உயர்த்தியது. மூன்று பேர் வேலை செய்யும் டயர் கடைக்கு எந்தத் தொழிற்சாலை ஆய்வாளரும் வரமாட்டார். பழைய சட்டத்தின் 29-ஆம் பிரிவு தூக்கும் பொறிகளைப் பற்றிப் பேசும்போது கிரேன், வின்ச், கப்பி வகைகளை எல்லாம் பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் ஜாக்கி இல்லை. ஆனால் இழப்பீட்டு விஷயம் அப்படியல்ல. 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, எந்திர சக்தியால் ஓடும் வாகனத்தைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவரை ஆள் கணக்குப் பார்க்காமலே சேர்த்துக்கொண்டது. ஒரே ஒரு பையன் வேலை செய்த கடையானாலும் பொறுப்பு முதலாளியுடையது என்ற கருத்து நூறு ஆண்டுக்கு முந்தைய சட்டத்திலேயே இருந்திருக்கிறது. ‘நம்ம பையன்தானே, வீட்டோடு பேசி முடிச்சுக்கலாம்’ என்று சொல்கிறவர்களுக்கு இது நினைவிருக்கட்டும். பேசி முடிப்பது சட்டம் தந்த உரிமையைக் குறைந்த விலைக்கு எழுதி வாங்குவதே. கவனமின்மையால் மரணம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பிரிவு முதலாளியை விலக்கி எழுதப்படவில்லை.

அரசு ஆய்வாளர் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வழி இந்த வட்டாரத்துக்கு இருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் நிறுவனங்கள் பல வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் தணிக்கைக்குப் பழகியவை. கழிவுநீர் எங்கே போகிறது, குரோமியம் எவ்வளவு, தோல் எந்த மண்டியிலிருந்து வந்தது என்று கேட்டால் கோப்பை எடுத்து வைக்கிறார்கள். 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்பளித்தபோது முடியவே முடியாது என்று சொன்ன பலவற்றை இன்று செய்துகொண்டிருக்கிறார்கள். வாங்குகிறவர் கேட்டால் மாற்றம் வரும் என்பது இவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. அதே நிறுவனங்களின் லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் டயர் மாற்றுகிறவர் பெரும்பாலும் யாருடைய கோப்பிலும் இல்லை. அவர் ஒப்பந்தக்காரரின் ஒப்பந்தக்காரர். அந்த வேலைக்குப் பணம் கொடுப்பவர்கள் இவர்கள்தான்.

போக்குவரத்து ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கட்டும்: எங்கள் சரக்கை ஏற்றும் வண்டியில் ஒரு ஜோடி ஸ்டாண்டு, இரண்டு ஆப்புக் கட்டைகள், ஒரு பலகை இருக்க வேண்டும், வாசலில் லைசென்ஸும் எஃப்.சி.யும் பார்க்கிற காவலாளி இதையும் பார்ப்பார். ஸ்டாண்டு வைக்காத கடையில் செய்த டயர் வேலைக்கும் பிரேக் வேலைக்கும் பில் பாஸாகாது. ஒரு கம்பெனி செய்தால் அதன் வண்டிகள் நிற்கும் கடைகள் ஸ்டாண்டு வாங்கும். மேல்விஷாரத்திலிருந்து வாணியம்பாடி வரை பத்துக் கம்பெனிகள் செய்தால், ஸ்டாண்டு இல்லாத கடைக்கு அந்தச் சாலையில் வண்டி வராது.